புதையலை மூடும் மணல்

கடந்த வாரம் அஸர் தொழுகை முடிந்து கடைக்குத் திரும்பியபோது ஒரு தம்பி காத்திருந்தார். மெட்டல் டிடெக்டர் இறக்குமதி செய்து விற்கப் போகிறாராம். மனைவியின் நகையை அடகு வைத்து முதல் போடும் யோசனை. (வட்டிக் கணக்கை அவர் பார்க்கவேயில்லை.) "நானா, அமெரிக்காவில கடற்கரையில நடந்து நடந்தே தங்கக் காசு பொறுக்குறாங்க" என்றார். யாரோ அனுப்பிய வீடியோவில் பார்த்தாராம்.

அதில் பொய்யில்லை. புளோரிடாவின் கிழக்குக் கரையில் செபஸ்தியன், வீரோ பீச் பகுதிகளுக்குப் 'புதையல் கரை' என்றே பெயர். 1715 ஜூலை 31ஆம் திகதி, ஹவானாவிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட 11 ஸ்பானியக் கப்பல்கள் அங்கே சூறாவளியில் உடைந்தன. அவற்றின் காசுகள் இன்றும் கரை ஒதுங்குகின்றன. 2025இலும் அனுமதி பெற்ற சுழியோடிகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாணயங்களை எடுத்தார்கள். பெறுமதி சுமார் 10 இலட்சம் டொலர்.

ஆனால் கரையில் காசு கிடைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கடல் மணலை அரித்துக்கொண்டு போக வேண்டும். காசு பாரமானது, கீழே இறங்கிவிடும். மேலே மணல் ஏறிவிடும். கையில் பிடிக்கும் சாதாரண கருவிக்குத் தனிக் காசு ஒன்று ஓரடி ஆழம் வரைதான் தெரியும். ஆகவே புயல் அடித்த மறுநாள்தான் இவர்களுக்குப் பெருநாள். 2004 செப்டெம்பரில் பிரான்சிஸ், ஜீன் என்ற இரண்டு சூறாவளிகள் மூன்று வாரத்துக்குள் அதே கரையில் ஏறின.

அதே புயல் வீட்டையும் வீதியையும் ஹோட்டல் முற்றத்தையும் தின்கிறது. அரசாங்கம் சும்மா இருக்குமா? கடலடி மணலைக் கப்பலால் உறிஞ்சிக் குழாய் வழியே கொட்டுகிறது, அல்லது உள்நாட்டுக் குழிகளிலிருந்து லொறியில் ஏற்றி வருகிறது. பல அடி உயரத்துக்குப் புது மணல். பழைய காசு அடியில் கிடக்க, கருவி மேலே ஊமையாகிவிடுகிறது. ஹோட்டல்காரர் சந்தோஷப்படுகிறார், புதையல்காரர் சபிக்கிறார். ஹோட்டல்காரர் பக்கமே நியாயம் என்பது என் கருத்து.

கடலடி மணலோடு வேறு சரக்கும் வரும். நியூ ஜெர்சியின் சர்ஃப் சிட்டியில் 2007இல் அப்படிக் கொட்டிய மணலில் முதலாம் உலக யுத்தக் கால வெடிபொருட்கள் ஆயிரத்துக்கு மேல் அகப்பட்டன. கரையை மூடினார்கள். மெட்டல் டிடெக்டருக்கும் தடை வந்தது.

உண்மையில் அங்கே பலருக்கு அன்றாடம் கிடைப்பது குளிக்க வந்தவர்கள் தவறவிட்ட மோதிரமும் சில்லறையும்தான். கரை அகலமானால் கூட்டமும் கூடும், புதிதாகத் தவறுவதும் கூடும். ஆனால் அது நமக்கு 'லுகதா'. ஒரு வருடம் அறிவித்து உரியவரைத் தேட வேண்டிய பொருள்.

தம்பி விடவில்லை. "நம்ம கடல்லயும் இருக்குதானே?" இருக்கிறது. 1961இல் கிரிந்தைக்கு அப்பால் கிரேட் பாசஸ் பாறையருகே மைக் வில்சன் கண்ட கப்பலில், ஹிஜ்ரி 1113 பொறித்த ஔரங்கசீப்பின் வெள்ளி ரூபாய்கள் கட்டி கட்டியாக இருந்தன. ஆனால் அது கரையல்ல, அலை கொந்தளிக்கும் கடலடி. தரையில் புதையல் தோண்டினாலோ தொல்பொருள் சட்டம் பிடிக்கும். கல்கிசையில் 2020இல் மணல் கொட்டியதும் நாடே அறியும்.

"இந்தக் கருவியை யாருக்கு விற்பீர்கள்? பத்துப் பேரின் பெயர் சொல்லுங்கள்" என்றேன். மூன்றாவது பெயரில் நின்றுவிட்டார். நகைப் பொட்டலம் அவர் பையிலேயே இருந்தது. மஃரிபுக்கு முன் வீட்டில் கொடுத்துவிடும்படி சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பினேன்.