அப்ரைசல் படிவத்தில் ஒரு புதிய வரி

2010 ஏப்ரல் 20 இரவு, மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. 11 பேர் மாண்டார்கள். அவர்களில் 9 பேர், மேடைக்குச் சொந்தக்கார நிறுவனமான டிரான்ஸ்ஓஷனின் ஊழியர்கள். கிணற்றை அடைக்க 87 நாள் ஆனது. அதுவரை கச்சா எண்ணெய் கடலில் கொட்டிக்கொண்டே இருந்தது. மறு ஆண்டு பங்குதாரர்களுக்கு அனுப்பிய அறிக்கையில், தன் வரலாற்றிலேயே பாதுகாப்பில் சிறந்த ஆண்டு 2010தான் என்று அந்த நிறுவனம் எழுதியது. உயரதிகாரிகளுக்குப் பாதுகாப்புக்கான போனஸும் கிடைத்தது. கண்டனம் கிளம்பிய பிறகே, இறந்தவர்களின் குடும்பங்களுக்கான நிதிக்கு அந்தத் தொகையை அவர்கள் கொடுத்தார்கள்.

இதில் யாரும் கள்ளக் கணக்கு எழுதவில்லை. எத்தனை சம்பவங்கள் நடந்தன, அவற்றின் தீவிரம் எவ்வளவு என்று அளக்க நிறுவனத்திடம் ஒரு சூத்திரம் இருந்தது. சூத்திரத்தின்படி அந்த ஆண்டு நல்ல ஆண்டாகவே வந்தது. சூத்திரம் சரியாக வேலை செய்த நிலையிலேயே இப்படி ஒரு வாக்கியம் அச்சேறியது என்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது.

அண்மை ஆண்டுகளில் அதே வகைச் சூத்திரங்கள் பன்னாட்டு நிறுவனங்களின் அப்ரைசல் படிவங்களுக்குள் வேகமாக நுழைந்தன. கரியமில வாயு, தண்ணீர், பிளாஸ்டிக், ஆண் பெண் ஊதிய வேறுபாடு என்று சூழலும் சமூகமும் சார்ந்த இலக்குகள் சம்பளத்தோடு முடிச்சுப் போடப்பட்டன. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் உள்ள நிறுவனங்களில், உயரதிகாரிகளின் ஊதியத்தை இத்தகைய இலக்குகளோடு இணைத்தவை 2020இல் 66 சதவீதம். ஒரே ஆண்டில் அது 73 சதவீதமானது. கான்ஃபரன்ஸ் போர்டு என்ற ஆய்வமைப்பு எடுத்த கணக்கு இது.

பெரும்பாலும் இந்த ஏற்பாடு உச்சி நாற்காலிகளோடு நின்றுவிடுகிறது. 2021இல் ஆப்பிள் நிறுவனம், இத்தகைய இலக்குகளைப் பொறுத்துத் தன் உயரதிகாரிகளின் போனஸை 10 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ இயக்குநர் குழுவுக்கு இடம் கொடுத்தது. கடைசி ஊழியர் வரை இறங்கியவை சில நிறுவனங்களே. சிப் தயாரிக்கும் இன்டெல் 2008 முதலே ஊழியர்களின் மாறும் ஊதியத்தில் ஒரு பகுதியைச் சூழல் இலக்குகளோடு சேர்த்தது. மாஸ்டர்கார்டு 2021இல் மூத்த அதிகாரிகளிடம் தொடங்கி, 2022இல் எல்லா ஊழியர்களுக்கும் விரித்தது. கரியமில உமிழ்வு, வங்கிச் சேவை எட்டாதவர்களைச் சேர்த்துக்கொள்வது, ஊதியத்தில் பாலினச் சமத்துவம் என்ற மூன்றும் நிறுவனத்தின் ஆண்டு மதிப்பெண்ணோடு சேர்க்கப்பட்டன. அதைப் பொறுத்து எல்லோருடைய போனஸும் ஏறலாம், இறங்கலாம் என்றானது.

எல்லோருக்கும் பொறுப்பு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பை நிறைவேற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உட்கார்ந்து, அயல்நாட்டு வங்கிக்கு மென்பொருள் எழுதும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அலுவலகக் கட்டடம் வாடகைக்கு எடுத்தது. மின்சாரம் எங்கிருந்து வாங்குவது, சர்வர் எந்த நாட்டில் ஓடுவது என்பதெல்லாம் வேறெங்கோ முடிவாகிறது. அவர் படிவத்தில் ‘சூழல் பங்களிப்பு’ என்று ஒரு வரி சேர்த்தால், கடற்கரையைச் சுத்தம் செய்யும் நிகழ்ச்சிக்குப் போய்ப் படம் எடுத்துப் பதிவேற்றுவார். கடற்கரை சுத்தமாவது நல்லதுதான். ஆனால் அந்த நிறுவனம் வெளியேற்றும் புகை அதனால் ஒரு கிலோகூடக் குறையாது.

நுகர்பொருள் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் அதிகாரியின் கதை வேறு. இத்தகைய நிறுவனங்களுக்கு உமிழ்வின் பெரும்பகுதி சொந்த ஆலைகளில் நடப்பதில்லை. மூலப்பொருள் தருவோரிடமும், லாரியிலும் கப்பலிலும், பொருளை வாங்கிப் பயன்படுத்துவோர் வீட்டிலும் நடக்கிறது. பாமாயிலை யாரிடம் வாங்குவது, எந்த நெகிழி உறையில் அடைப்பது என்று தீர்மானிக்கும் அந்த மனிதரின் டார்கெட் என்ன? விலையைக் குறை, ஒவ்வோர் ஆண்டும் குறை. காட்டை வெட்டாத தோட்டத்திலிருந்து டன்னுக்குச் சில டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்கினால் அவர் ரேட்டிங் அடிபடும். சூழல் இலக்கு முதலில் எழுதப்பட வேண்டிய இடம் அவருடைய படிவம். விலைக்குக் கொடுக்கும் எடையைக் குறைத்து எழுதப்பட வேண்டும். ஓரத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒட்டவைத்தால், அந்த ஐந்தை இழந்துவிட்டு மற்ற தொண்ணூற்றைந்தை அவர் காப்பாற்றிக்கொள்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

யூனிலீவர் இந்தத் துறையின் முன்னோடி என்று சொல்லப்பட்ட நிறுவனம். பால் போல்மன் தலைமையில் 2010இல் நீடித்த வாழ்வுக்கான பெருந்திட்டம் ஒன்றை அறிவித்தது: நூறு கோடிக்கு மேற்பட்டோரின் சுகாதாரத்தை மேம்படுத்துவது, சூழல் பாதிப்பைப் பாதியாக்குவது. பிற்காலத்தில் மேலாளர்களின் நீண்டகாலப் பங்கு ஊதியத்தில் கால் பங்கையே இத்தகைய இலக்குகளுக்கு ஒதுக்கியது. உண்மையான முயற்சி அது. பல நிறுவனங்கள் இன்றும் அந்த அளவுக்கு வரவில்லை.

ஆனால் தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பெயருடன் சேர்ந்து கொடைக்கானலும் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரச வெப்பமானி ஆலை அங்கே 1980களில் தொடங்கியது. பாண்ட்ஸ் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபோது ஆலையும் அதனுடன் வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடப்பதை 2001இல் ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. நோயோடும் இறப்போடும் போராடிய தொழிலாளர் குடும்பங்கள் வீதியிலும் உயர் நீதிமன்றத்திலும் நின்றன. உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. 2015இல் பாடகி சோஃபியா அஷ்ரப் இந்த ஆலையைப் பற்றிப் பாடிய காணொளி உலகம் முழுதும் பரவியது; அடுத்த மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு கையெழுத்தானது. மண்ணில் எவ்வளவு பாதரசம் மிச்சமிருக்கலாம் என்ற வழக்கு அதற்குப் பிறகும் நீண்டது.

2010 முதல் 2016 வரை, உலக மேடைகளில் அந்தப் பெருந்திட்டம் பாராட்டுப் பெற்ற ஆண்டுகளில், தொழிலாளர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். திட்டத்தின் பெரிய இலக்குகளில் பழைய ஆலையின் மண் இல்லை, அதில் வேலை பார்த்தவர்களின் சிறுநீரகம் இல்லை. வருங்காலத்தில் செய்யப்போகும் நன்மைக்கு மதிப்பெண் உண்டு. ஏற்கெனவே செய்துவிட்ட சேதத்தைச் சரிசெய்ய எந்த மேலாளரின் போனஸும் பிணையாக வைக்கப்படவில்லை. இப்படிப்பட்ட படிவங்களில் நான் காணும் மிகப்பெரிய ஓட்டை இதுதான்.

இன்னோர் ஓட்டை, இலக்குக் கோடு நகர்வது. புதிய நெகிழிப் பயன்பாட்டை 2025க்குள் பாதியாக்குவோம் என்றிருந்த யூனிலீவர், 2024இல் அதை 2026க்குள் 30 சதவீதம் என்று தளர்த்தியது. முதலீட்டாளர்கள் நெருக்கியதால் 2018இல் உமிழ்வு இலக்கை ஊதியத்தோடு இணைக்க ஒப்புக்கொண்ட ஷெல், 2024இல் தன் 2030 இலக்கை 20 சதவீதத்திலிருந்து 15 முதல் 20 வரை என்று இறக்கியது. 2035க்கான 45 சதவீத இலக்கைக் கைவிட்டது. தேர்வு எழுதுகிறவனே வினாத்தாளையும் தயாரித்து, பாதியில் அதைத் திருத்தவும் செய்யலாம் என்றால் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் லூசியன் பெப்சுக்கும் ராபர்ட்டோ டல்லாரிட்டாவும் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கலைக் காட்டியது. பெரிய அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில், இலக்கு எட்டப்பட்டதா என்று வெளியாள் சரிபார்க்கவே வழியில்லை. போனஸைக் கூட்டிக்கொள்ள இது இன்னொரு வாசலாகிவிடும் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

இதனால் முழு முயற்சியையும் தூக்கிப் போட வேண்டும் என்பதில்லை. பணத்தோடு சேராத இலக்கை எந்த நிறுவனமும் நினைவில் வைத்திருப்பதில்லை. இந்திய நிறுவனங்களில் இன்ஃபோசிஸ், தன் தலைமை நிர்வாகிக்குச் சூழல், சமூக இலக்குகளுக்கென்றே ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் மதிப்புள்ள பங்குகளைத் தனியாகப் பிரித்து வைத்தது. மற்ற இலக்குகளில் கரைந்துபோகாமல் தனித் தொகையாக வைத்ததால், கிடைத்ததா இல்லையா என்று பங்குதாரர் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறது.

சட்டம் செய்யக்கூடியதும் உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள், அவற்றில் பன்னாட்டுக் குழுமங்களின் இந்தியக் கிளைகளும் அடக்கம், உமிழ்வு, தண்ணீர், கழிவு பற்றிய அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியது. முக்கியமான எண்களை வெளியார் சரிபார்ப்பது 2023-24இல் முதல் 150 நிறுவனங்களோடு தொடங்கிப் படிப்படியாக விரிகிறது. போனஸுக்குப் பயன்படும் சூழல் அளவீடுகளையும் இதே சரிபார்ப்புக்குள் செபி கொண்டுவர வேண்டும். அதோடு, எந்த இலக்கு தவறியதால் யாருடைய ஊதியத்தில் எவ்வளவு குறைந்தது, ஆண்டின் நடுவில் எந்த இலக்கு மாற்றப்பட்டது, மாற்றியவர் யார் என்பதையும் ஆண்டறிக்கையில் ரூபாய்க் கணக்கோடு அச்சிடச் சொல்ல வேண்டும்.