அழாத குழந்தையின் வலி

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குழாயில் சுவாசக் கருவியின் குழாய் பொருத்தப்பட்ட குழந்தை அழுதாலும் ஓசை எழாது. குழாய் குரல்நாண்களின் இடையே செல்வதால் வாய் மட்டுமே விரியும். ஆகவே அங்குள்ள செவிலியர் வலியைக் கண்ணால் அறிய வேண்டியிருக்கிறது.

குறைமாதக் குழந்தைக்கு வலி தெரியாது என்றே 1980களின் நடுப்பகுதி வரை மருத்துவர்களில் பலர் நம்பினர். நரம்பிழைகளின் மேலுறையான மயலின் முழுமையாக வளரவில்லை என்பதைக் காரணம் காட்டி, பெயரளவு மயக்கமருந்துடன் தசைகளைச் செயலிழக்கச் செய்து அறுவை சிகிச்சையும் நடத்தினர். இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த், ஃபென்டனில் என்னும் வலிநீக்கி பெற்ற குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் மனஅழுத்த ஹார்மோன்கள் குறைவாகவே உயர்ந்ததையும், அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறைந்ததையும் 1987இல் நிறுவிய பின்னரே அந்த நம்பிக்கை தகர்ந்தது.

வலியை அளக்கும் முறைகளுள் பரவலாக அறியப்பட்டது, கனடாவின் பானி ஸ்டீவன்ஸ் குழுவினர் 1996இல் வெளியிட்ட குறைமாதக் குழந்தை வலி அளவுகோல். குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும் முன்னர் 15 விநாடி குழந்தையைக் கவனித்து, இதயத்துடிப்பையும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் குறித்துக்கொள்ளும் செவிலியர், குத்திய பின் 30 விநாடி முகத்தை விட்டுப் பார்வையை அகற்றுவதில்லை. புருவங்கள் நெரிந்து இடையில் சதை புடைக்கிறதா, இமைகள் இறுகுகின்றனவா, மூக்கோரத்திலிருந்து உதட்டுக்கு இறங்கும் மடிப்பு ஆழமாகிறதா என்பவற்றுக்குத் தனித்தனியே 0 முதல் 3 வரை புள்ளி இட்டு, துடிப்பு எவ்வளவு ஏறியது, ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது என்பவற்றையும் சேர்த்துக் கூட்டும்போது, மொத்தம் 12ஐத் தாண்டினால் வலி கடுமையாக இருக்கக்கூடும் என்று கொள்ளப்படுகிறது. பசித்த குழந்தையோ தலையைத் திருப்பி வாயால் மார்பைத் தேடும். அப்போது அதன் முகத்தில் பொதுவாக இந்த இறுக்கம் காணப்படுவதில்லை.

இந்த அளவுகோலின் மிக நுட்பமான பகுதி, 28 வாரம் நிறைவதற்குள் பிறந்த குழந்தைக்குக் கூடுதலாக 3 புள்ளி வழங்குவதே. முகத்தைச் சுளிக்கவும் கைகாலை உதறவும் வலுவில்லாத அக்குழந்தை, பலமுறை ஊசி ஏற்ற பின் அசைவற்றுக் கிடப்பதும் உண்டு. அந்த அமைதியை நிம்மதி என்று எண்ணிவிடுவது ஆபத்தானது. 2014இல் திருத்தப்பட்ட வடிவில், வேறு அறிகுறி ஒன்றேனும் தென்பட்டால் மட்டுமே அப்புள்ளி சேர்க்கப்படுகிறது.

குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்பு நாவில் இடும் சர்க்கரைக் கரைசலோ தாய்ப்பாலோ, கைகால்களை மடக்கி அணைத்துப் பிடிப்பதோ, தாயின் மார்போடு தோல் படக் கிடத்தும் கங்காரு பராமரிப்போ புள்ளியைக் குறைக்கும். ஆனால் திருப்பூரில், பனியன் கம்பெனிகளின் வேலையை நாடித் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களில், உடனிருந்து உதவ உறவினர் இல்லாத தாய்மார் பலர். மார்போடு அணைப்பதைத் தந்தையும் செய்யலாம் என்பதால், ஷிப்டு முடிந்து வருபவரை அதற்குப் பழக்குவதும், குழந்தையின் முகத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஒடியாவிலும் இந்தியிலும் விளக்கிச் சொல்வதும், காய்ச்சல் குறிக்கும் அதே அட்டையில் வலிப்புள்ளியையும் எழுதுவதும் அங்கு மருந்துக்கு ஒப்பான தேவைகளாகும்.