பரண் மேல் இருக்கும் தாத்தாவின் படம்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். சற்று நடந்தால் சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிடும். அப்பா அங்கே ஒரு பட்டறையில் கடைசல் எந்திரம் ஓட்டுபவர். 2004 ஆம் ஆண்டில், அதாவது தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த அதே ஆண்டில், அவர் தவணையில் ஒரு கணிப்பொறி வாங்கினார். இரவல் காமிராவில் எடுத்த படங்களையெல்லாம் அதில் ஏற்றி வைத்தார். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சிரிக்கும் படமும் அவற்றில் ஒன்று. அவருக்கு வேறு படமே கிடையாது. இப்போது தாத்தா இல்லை. கணிப்பொறியோ பொத்தானை அழுத்தினால் அசைவதில்லை. பழைய இரும்பு வாங்குபவர் வாசலில் நிற்கிறார். எடைக்குப் போட்டுவிடலாமா?

பொறுங்கள்! கணிப்பொறி கெட்டதென்றால் படமும் கெட்டது என்று பொருளில்லை. அந்தப் பெட்டிக்குள் பல உறுப்புகள் உள்ளன. மின்சாரம் பகிர்ந்தளிக்கும் பகுதி பழுதாகியிருக்கலாம். தாய்ப்பலகையிலுள்ள மின்தேக்கிகள் உப்பி வெடித்திருக்கலாம். ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை செய்யப்பட்ட பல தாய்ப்பலகைகளில் தரமற்ற மின்பகுபொருள் நிரப்பிய மின்தேக்கிகள் இருந்தன. உலகெங்கும் கணிப்பொறிகள் அதனால் செத்தன. ஆனால் படங்கள் இவை எவற்றிலும் இல்லை. அவை ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டில், ஏறக்குறைய ஒரு சிறிய புத்தக அளவுள்ள உலோகப் பெட்டிக்குள் உள்ளன.

வன்தட்டில் படம் எப்படித் தங்குகிறது? உள்ளே அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன, பளபளக்கும் வட்டத்தட்டுகள் உண்டு. அவற்றின் மீது கோபால்ட் கலந்த உலோகக் கலவை மிக மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். அந்தப் படலத்தின் நுண்ணிய பகுதிகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அவற்றின் வடமுனை எந்தப் பக்கம் பார்க்கிறது, எங்கே திசை மாறுகிறது என்பதைக் கொண்டுதான் 0, 1 என்ற எண்கள் குறிக்கப்படுகின்றன. 1600 புள்ளி அகலமும் 1200 புள்ளி உயரமும் உள்ள ஒரு படத்தில் 19,20,000 புள்ளிகள்! ஒவ்வொன்றின் நிறமும் எண்ணாக மாறி, சுருக்கப்பட்டு, காந்தத் திசைகளாகக் கிடக்கிறது. இதற்கு மின்சாரம் தேவையில்லை. பரணில் இருபது ஆண்டு கிடந்தாலும் பெரும்பாலும் அந்தக் காந்தங்கள் திரும்பிவிடுவதில்லை.

தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். அதன் மேல் படிக்கும் முனை பறந்து செல்லும். எவ்வளவு உயரத்தில் தெரியுமா? கடைசல் வேலை தெரிந்த அப்பாவிடம் மைக்ரோமீட்டர் கருவியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஒரு சிறு கோடு 0.01 மில்லிமீட்டர், அதாவது 10,000 நானோமீட்டர். படிக்கும் முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியோ ஒருசில பத்து நானோமீட்டர்தான்! நம் கண்ணுக்குத் தெரியாத தூசிகூட அங்கே மலைபோலக் குறுக்கே நிற்கும். ஆகவே வன்தட்டின் மூடியை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். ‘உள்ளே என்னதான் இருக்கிறது’ என்று பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. அதற்குப் படம் எதுவும் இல்லாத வேறொரு தட்டைத் தேடிக் கொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மின் இணைப்பை முழுவதும் எடுத்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். பழைய கண்ணாடிக் குழாய்த் திரையையும், மின்சாரம் வழங்கும் தகரப் பெட்டியையும் தொடவே வேண்டாம். அணைத்த பிறகும் அவற்றுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக் கூடும். வன்தட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகளைக் கழற்றி, மெல்ல வெளியே எடுங்கள். பின்புறம் 40 ஊசிகள் கொண்ட அகன்ற இணைப்பு இருந்தால் அது பழைய வகை. 2003 ஆம் ஆண்டிலிருந்து சந்தைக்கு வரத் தொடங்கிய புதிய வகையில் இணைப்பு ஒடுங்கியிருக்கும். இரண்டுக்குமே, இன்றைய கணிப்பொறியின் யுஎஸ்பி துளையில் செருகும் இணைப்புக் கருவி கிடைக்கிறது. ஓசூரில் அகப்படாவிட்டால் எல்லை தாண்டி, பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பெரிய வன்தட்டின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். யுஎஸ்பி அதைத் தராது. தனி மின்வழங்கியோடு வரும் கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இணைத்ததும் தட்டு சீராகச் சுழலும் ஓசை கேட்டால் நல்ல காலம். உடனே, மிக வேண்டிய படங்களை முதலில் நகல் எடுத்துவிடுங்கள். ஆண்டுக் கணக்கில் ஓடாத மோட்டார் எத்தனை முறை ஓடும் என்று சொல்ல முடியாது. ‘டிக், டிக்’ என்று தட்டும் ஓசை வந்தால் படிக்கும் முனை தடுமாறுகிறது என்று பொருள். அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் தூசியற்ற அறை உள்ள மீட்புக் கூடங்களால்தான் முடியும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம்; வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து, இருப்பதும் போய்விடும்.

புதிய கணிப்பொறி, ‘இந்தத் தட்டை ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று பணிவாகக் கேட்கக்கூடும். ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். பெரும்பாலான படங்கள் தொலைவது இந்த இடத்தில்தான். தட்டின் வயதால் தொலைவதைவிட நம் அவசரத்தால் தொலைவதே அதிகம் என்பது என் எண்ணம்.

யாரோ படங்களை முன்பே அழித்திருந்தால்? அப்போதும் வழி உண்டு. நூலகத்தில் ஒரு புத்தகத்தின் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டால் புத்தகம் மறைந்துவிடுமா? அலமாரியிலேயேதான் இருக்கும். வன்தட்டில் ‘அழித்தல்’ என்பதும் பெரும்பாலும் சீட்டைக் கிழிப்பதுதான். அதே இடத்தில் வேறொன்றை எழுதினால்தான் பழையது போகும். ஆகையால் மீட்கும்போது அந்தத் தட்டின் மேல் எதையும் எழுதக் கூடாது. ஜேபெக் வகைப் படம் ஒவ்வொன்றும் 255, 216 என்ற இரு எண்களோடு தொடங்கும். ‘ஃபோட்டோரெக்’ என்னும் இலவச மென்பொருள் தட்டு முழுவதும் துழாவி, இத்தகைய அடையாளங்களைக் கொண்டு சீட்டில்லாத படங்களையும் கண்டெடுக்கிறது. (இன்றைய எஸ்எஸ்டி வகைச் சேமிப்பில் இந்த வழி பெரும்பாலும் பலிக்காது. அங்கே அழித்த இடம் தானாகவே துடைக்கப்பட்டு விடுகிறது.)

இந்தத் தொல்லை நம் வீட்டுக்கு மட்டுமன்று. 1966, 1967 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஐந்து ‘லூனார் ஆர்பிட்டர்’ விண்கலங்கள் நிலவைப் படமெடுத்தன. காந்த நாடாக்களில் படங்கள் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எந்திரங்கள் வழக்கொழிந்தன. நான்சி எவான்ஸ் என்ற நாசா அலுவலர் அந்தப் பழைய எந்திரங்களைத் தம் வீட்டில் பல ஆண்டுகள் காத்து வைத்திருந்தார். அவற்றைப் பழுதுபார்த்து, 2008 ஆம் ஆண்டில், நிலவின் விளிம்பில் பூமி தெரியும் 1966 ஆம் ஆண்டுப் படத்தை முன்னைவிடத் தெளிவாக மீட்டனர். வேலை நடந்த இடம் ஒரு கைவிடப்பட்ட உணவு விடுதி!

படங்களோடு அப்பா தட்டச்சு செய்த குறிப்புகளும் கிடைக்கலாம். திறந்தால் எழுத்துகள் அலங்கோலமாகத் தெரியும். பயப்படாதீர்கள், கோப்பு கெடவில்லை. அக்காலத்தில் தமிழுக்குப் பல எழுத்துரு முறைகள் இருந்தன. 1999 இல் தமிழக அரசு டாம், டாப் என இரண்டை அறிவித்தது. 2010 இல்தான் யூனிகோடுக்கு மாறியது. உரிய மாற்றி மென்பொருளில் இட்டால் நல்ல தமிழாகிவிடும்.

எடுத்த படங்களை இரண்டு வெவ்வேறு இடங்களில் நகலாக வையுங்கள். ஒன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும். பழைய வன்தட்டையும் எறிய வேண்டாம். கடைசியாக, படத்தின் தேதியை நம்பிவிடாதீர்கள். காமிராவில் யாரும் கடிகாரத்தைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் எல்லாப் படங்களிலும் தவறான நாளே பதிந்திருக்கும். பாட்டியிடம் காட்டிக் கேளுங்கள். தாத்தாவின் தோளில் கிடக்கும் துண்டைப் பார்த்தே எந்தப் பொங்கல் என்று சொல்லிவிடுவார்.