உங்களை எந்தப் பிரிவில் வைத்திருக்கிறார்கள்?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சிராங்கூன் சாலையில் வியாபாரம் களைகட்டிவிடுகிறது. சேலைக் கடையானாலும் நகைக் கடையானாலும் பணம் அனுப்பும் நிலையமானாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கும். அதிர்ஷ்டக் குலுக்கல் அல்லது உறுப்பினர் சலுகை. பெயர், கைப்பேசி எண், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு ஆகியவற்றைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த நான்கு விவரங்களை வைத்து நம்மைப் பற்றி என்னவெல்லாம் ஊகிக்க முடியும் என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இது. ஊகிக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு மிக வேகமாகவும் மலிவாகவும் செய்யத் தொடங்கிவிட்டது.

ஒரு வரிக் குறிப்பிலிருந்து பல பிரிவுகள்

என்ன பொருள், எவ்வளவு செலவு, யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று கடைக்காரர் எழுதித் தருவதை விளம்பரத் துறையினர் ‘பிரீஃப்’ என்பார்கள். அதைப் படித்து வாடிக்கையாளர்களைப் பிரிவு பிரிவாக வகுக்க, விளம்பரத் திட்டமிடுபவருக்கு முன்பு சில நாள் பிடிக்கும். இப்போது ஏஐ கருவிக்குச் சில நொடி போதும்.

ஓர் உதாரணம். “தீபாவளிக்கு 916 தங்கச் சங்கிலி, மாதத் தவணை வசதி, இந்தியக் குடும்பங்கள்” என்று நகைக் கடை குறிப்பு கொடுக்கிறது. கருவி அதைப் புதுமணத் தம்பதியர், ஊருக்குப் பணம் அனுப்பும் வெளிநாட்டு ஊழியர், மாதக் கடைசியில் கை இறுகுபவர் என்று பிரித்துத் தரும். பிறகு ஒவ்வொரு பிரிவினரையும் எதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றும் சொல்லும். கடையின் வாடிக்கையாளர் பட்டியலையும் சமூக ஊடகத் தளத்தில் ஏற்றினால், அவர்களைப் போன்ற வேறு ஆட்களையும் தளமே தேடிப் பிடிக்கும்.

சிங்கப்பூரில் இந்த ஊகம் சுலபம். நம் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஒரு வட்டாரத்தையல்ல, ஒரு கட்டடத்தையே காட்டுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் தெரிந்தால் அங்குள்ள வீடுகளின் அளவும், அதிலிருந்து வருமானமும் தோராயமாகப் பிடிபடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காட்டினர். கைப்பேசியைத் தமிழில் வைத்திருப்பதும், பெயரில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ இருப்பதும் கேட்காமலேயே இனத்தைச் சொல்லிவிடும்.

பிரிவுகள் எவ்வளவு நுணுக்கமாகப் போகும்? அமெரிக்கச் செய்தித் தளமான தி மார்க்கப், மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமான சாண்டர் விளம்பரச் சந்தையின் பட்டியலை 2023 ஜூனில் வெளியிட்டது. அதில் ஏறக்குறைய 650,000 பிரிவுகள் இருந்தன. கருத்தரிப்புச் சோதனைக் கருவியை அதிகம் வாங்குவோர், மனச்சோர்வுக்கு ஆளாகக்கூடியோர் ஆகியோருக்கும் அதில் இடமிருந்தது.

எங்கே ஆபத்து?

முதல் ஆபத்து, நமக்குக் காட்டப்படாதவை. “இந்தியர்களுக்கு வீடு இல்லை” என்று வெளிப்படையாக எழுதிய வாடகை விளம்பரங்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அவை கண்ணுக்குத் தெரிந்ததால்தான் எதிர்ப்பும் எழுந்தது. ஒரு பிரிவை மட்டும் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு விளம்பரம் ஓடினால், ஒதுக்கப்பட்டவருக்கு அது தெரியவே வராது. இன, சமய அடிப்படையிலான பல தேர்வுகளை மெட்டா 2022 ஜனவரியில் நீக்கியது நல்லதே. ஆனால் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கண்டது வேறொன்று. விளம்பரதாரர் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்த வேலை, வீட்டு விளம்பரங்களைக்கூட ஃபேஸ்புக்கின் கணினி முறை இனத்துக்கும் பாலினத்துக்கும் ஏற்பக் கூட்டிக் குறைத்துக் காட்டியது. இங்கே மொழியும் அஞ்சல் குறியீடும் அதே வேலையைச் செய்யலாம்.

இரண்டாவது, பலவீனத்தைக் குறிவைப்பது. கை இறுகிய நேரத்தில் ஒருவருக்குக் கடன் விளம்பரம் போய்ச் சேர்வது தற்செயலாக இருக்க வேண்டியதில்லை. இதில் வெளிநாட்டு ஊழியர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. உரிமம் பெற்ற கடன்கொடுப்போர் வர்த்தகக் கையேடுகளிலும் தங்கள் சொந்த இணையத்தளத்திலும் கடை வளாகத்திலும் மட்டுமே விளம்பரம் செய்யலாம். குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், ஃபேஸ்புக் வழியாகக் ‘கடன் தருகிறோம்’ என்று யார் வந்தாலும் அவரை நம்பாதீர்கள்.

மூன்றாவது, தகவல் கைமாறுவது. வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே ஓர் இலவச ஏஐ கருவியில் ஒட்டிவிட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. பெயர், எண், பிறந்த தேதி மூன்றும் சேர்ந்த பட்டியலைத்தான் மோசடிக்காரர்களும் தேடுகிறார்கள்.

சட்டம் எதுவரை துணை நிற்கும்?

2012இன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. ஓர் ஆளை அடையாளம் காட்டக்கூடிய தகவல், உண்மையானாலும் பொய்யானாலும், தனிநபர் தகவல்தான் என்கிறது அதன் வரையறை. அதனால் உங்கள் பெயருக்கு எதிரே ‘கடன் தேவைப்படுபவர்’ என்று கருவி போட்ட குறிப்பு வெறும் ஊகமே ஆனாலும் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

சட்டத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தங்களின்படி, வாடிக்கையாளரின் விருப்பங்களைப் புரிந்துகொள்ளும் ‘தொழில் மேம்பாட்டு’ நோக்கத்துக்கு நிறுவனம் சில நிபந்தனைகளோடு தகவலை இசைவின்றியே பயன்படுத்தலாம். ஆனால் அந்தச் சலுகையைக் காட்டி உங்களுக்கு நேரடி விளம்பரச் செய்தி அனுப்ப முடியாது. கொடுத்த விவரத்தில் பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம். நிறுவனமே கணித்துப் பெற்ற தகவலுக்குத் திருத்தம் கோரும் உரிமை இல்லை. தகவலை அழித்தே ஆக வேண்டும் என்று கோரும் தனி உரிமையும் இல்லை. ஆகவே நம் கையில் உள்ள வலுவான கருவிகள் இரண்டு: கேட்டுத் தெரிந்துகொள்வது, கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவது.

நீங்கள் செய்யக்கூடியவை

1. கேளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: “என்னைப் பற்றி என்னென்ன தகவல் வைத்திருக்கிறீர்கள்? கடந்த ஓராண்டில் அவற்றை எதற்குப் பயன்படுத்தினீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள்? எந்த வாடிக்கையாளர் பிரிவில் என்னைச் சேர்த்திருக்கிறீர்கள்?” 30 நாளில் பதில் வர வேண்டும். முடியாவிட்டால் எப்போது தருவார்கள் என்றாவது சொல்ல வேண்டும். நியாயமான கட்டணம் கேட்கலாம். வணிக ரகசியம் என்று சிலவற்றை மறுக்கவும் கூடும்.

2. இசைவைத் திரும்பப் பெறுங்கள். “விளம்பரத்துக்கு என் தகவலைப் பயன்படுத்த இனி எனக்குச் சம்மதமில்லை” என்று எழுதினால் போதும். தடுக்க நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை.

3. ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டில் எண்ணைச் சேருங்கள். 2014 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது, கட்டணம் இல்லை. அதே ஆண்டில் விதியை மீறிய துணைப்பாட நிறுவனம் ஒன்றுக்கும் அதன் இயக்குநருக்கும் தலா 39,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் படிவத்தில் நீங்களே தெளிவாகச் சம்மதம் தந்திருந்தால் பதிவேடு அந்த நிறுவனத்தைத் தடுக்காது. அதனால்தான் இரண்டாவது படி முக்கியம்.

4. கைப்பேசியைச் சரிசெய்யுங்கள். ஐஃபோனில் செயலிகள் பின்தொடர்வதை நிறுத்தலாம்; ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணை நீக்கலாம். ஃபேஸ்புக்கில் விளம்பரத்தின் மூலையைத் தட்டினால் அது ஏன் உங்களுக்கு வந்தது என்று காட்டும்.

5. புகார் செய்யுங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் செல்லலாம். விளம்பரத்தின் உள்ளடக்கம் தவறாக இருந்தால் விளம்பரத் தரத்தைக் கண்காணிக்கும் ஆசாஸ் அமைப்பு இருக்கிறது. வேலை விளம்பரத்தில் பாகுபாடு என்றால் நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டஃபெப் அமைப்பை அணுகலாம். மோசடி என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழையுங்கள்.

சட்டமீறலால் இழப்பு நேர்ந்தால் நீதிமன்றத்துக்கும் போகலாம். முதலீட்டு நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர், பழைய வாடிக்கையாளரின் விவரத்தைப் புதிய வேலையில் ஆள் பிடிக்கப் பயன்படுத்திய வழக்கில், 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பண இழப்பு மட்டுமல்ல, மன உளைச்சலும் இழப்புதான் என்றது அந்தத் தீர்ப்பு.

கடைக்காரர்களுக்கு

தேக்காவின் சிறு வியாபாரிகளுக்கு ஏஐ பெரிய உதவி. அதை விடச் சொல்லவில்லை. கருவியிடம் குறிப்பை மட்டும் கொடுங்கள், வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுக்காதீர்கள். அது தரும் பிரிவுகளில் இனம், நோய், கடன் நெருக்கடி மறைமுகமாக நுழைந்திருக்கிறதா என்று ஒருவர் படித்துப் பார்க்கட்டும். குலுக்கல் முடிந்ததும் தேவையற்ற படிவங்களை அழித்துவிடுங்கள். அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே கேட்காதீர்கள். சட்டம் கேட்கச் சொல்லாத இடங்களில் 2019 செப்டம்பர் முதல் அதற்குக் கட்டுப்பாடு உள்ளது. ஏஐ முறைகளில் தனிநபர் தகவலைக் கையாள்வது பற்றி ஆணையம் 2024 மார்ச்சில் வழிகாட்டிக் குறிப்புகள் வெளியிட்டிருக்கிறது. கடுமையாக விதி மீறினால் அபராதம் பத்து லட்சம் வெள்ளி வரை போகலாம். பெரிய நிறுவனங்களுக்கு இன்னும் கூடுதல்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கடைசியாக நீங்கள் நிரப்பிய உறுப்பினர் படிவம் எந்தக் கடையுடையது என்று யோசித்துப் பாருங்கள். மேலே உள்ள மூன்று கேள்விகளை இந்த வாரமே அந்தக் கடைக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் பெற்றோருக்கும் உடன் வேலை செய்யும் ஊழியருக்கும் அதை எழுதிக் கொடுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் நிறுவனங்களும் பொறுப்போடு நடந்துகொள்ளும்.