நெல்லின் காட்டு உறவினர்கள்

புல் என்றதும் ஆடுமாடு மேய்வதுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், நாம் நாள்தோறும் உண்ணும் சோறும் ஒரு புல்லின் விதையே. நெல்லினத்தைத் தாவர நூலார் 'ஓரைசா' என்பர். இவ்வினத்தில் 20க்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் மனிதன் பயிரிடுபவை ஆசிய நெல், ஆப்பிரிக்க நெல் ஆகிய இரண்டே. ஏனையவை யாவும் காட்டுப் புற்கள்.

இவை எங்கே வளர்கின்றன? ஆசிய நெல்லின் மூதாதையான 'ரூஃபிபோகான்', இந்தியா முதல் வட ஆஸ்திரேலியா வரை சதுப்பு நிலங்களில் காணப்படுகிறது. 'நிவாரா' கோடையில் வற்றும் குட்டைகளில் முளைத்து ஓராண்டில் மடிந்துவிடும். 'கோவார்க்டேட்டா' தெற்காசியாவின் கடலோர உப்பு நீரிலும் செழிக்கும். நம் நாட்டுக் காடுகளின் ஈர நிழலில் வளர்வது 'ரிட்லியி'. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் முறையை வகுத்த, சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநர் ரிட்லியின் பெயரே அதற்கு இடப்பட்டது.

காட்டு நெல்லின் மணி முற்றியதும் உதிர்ந்துவிடும். உதிர்ந்தால்தானே இனம் பரவும்? ஆதி மனிதர் உதிராத கதிர்களையே பொறுக்கி விதைத்து வந்தனர். அவ்வாறே நெற்பயிர் உருவாயிற்று. மலேசிய வயல்களில் 'பாடி ஆங்கின்' எனப்படும் களை நெல்லும் இப்படி உதிர்வதால்தான் உழவர்க்குத் தொல்லையாகிறது.

அப்படியானால் காட்டு நெல்லால் பயன் இல்லையா? 1970களில் புகையான் பூச்சி பரப்பிய ஒரு வைரஸ் நோய் ஆசிய வயல்களைத் தாக்கியது. பயிர் புல்லைப்போல் குட்டையாகிக் கதிரின்றிப் போயிற்று. பிலிப்பீன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000க்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தனர். நோயைத் தாங்கியது ஒன்றே ஒன்றுதான். அது இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட நிவாரா! அந்தப் புல்லின் ஆற்றலைப் பயிர் நெல்லில் சேர்த்தனர். அவ்வழி வந்த ஐ.ஆர். 36 என்னும் நெல் 1976இல் வெளியாகி, கோடிக்கணக்கான மக்களுக்குச் சோறிட்டது.

அந்தக் குட்டையை முன்னதாகவே எவரேனும் தூர்த்திருந்தால்? விதை வங்கிகளில் மாதிரிகள் உறங்குகின்றன என்பது உண்மையே. ஆயினும், புதிய நோய்களோடு போராடிப் புதிய ஆற்றல் பெறுவது சதுப்பில் வாழும் செடிதான். ஆகவே, சதுப்பு நிலத்தை வீண் நிலம் என்று ஒதுக்குமுன் நாம் சற்றே சிந்திப்போம். நாளைய சோறு அங்கே புல்லாய் நிற்கக்கூடும்.