வெள்ளம் வடிந்த மூன்றாம் வாரம்

2022 செப்டம்பர் 5 என்றதும் பெங்களூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது, ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போன காட்சிதான். அதே நாளில் நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. மண்டியா மாவட்டத்து டி.கே. ஹள்ளி நீரேற்று நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து, காவிரித் தண்ணீர் நின்றுபோனது. பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கும் ஊர். ஆறு தொலைவில், பள்ளத்தில். சுமார் 100 கி.மீ. தூரம் மோட்டார் தள்ளினால்தான் குடிக்கத் தண்ணீர். அன்றைக்குப் பல பகுதிகளில் தெருவெல்லாம் வெள்ளம், குழாயில் சொட்டு இல்லை.

குழாய் நின்றால் கை சம்ப்புக்குத்தான் போகும். வாசலடியில் தொட்டி, மேலே ஓர் இரும்பு மூடி. மழைநீர் ஓடும் பெரிய வாய்க்காலான ராஜகால்வாய் பொங்கினால் சாக்கடை அந்த மூடியின் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும். ஒரு கை பிளீச்சிங் பவுடரைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். தெளிந்த தண்ணீர் என்றால் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பவுடரும் ஒரு மணி நேரக் காத்திருப்பும் போதும். கலங்கல் தண்ணீரில் போடுகிற குளோரினைச் சேறும் அழுக்குமே தின்றுவிடும், கிருமியைக் கொல்ல மிஞ்சாது. போன வருஷம் பிரித்த மூட்டை என்றால் வீரியமே இருக்காது. சம்ப்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, நிரப்பி, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சுகிறதா என்று பார்ப்பதே முறை. இறைக்க மின்சாரம் வேண்டும், கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். வெள்ள நாளில் இரண்டுக்கும் எங்கே போவது?

வெள்ளத்தைத் தொடரும் நோய்கள் தேதி வைத்துக்கொண்டு வருகின்றன. காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் தெரிந்துவிடும். எலியின் சிறுநீர் கலந்த நீரில் காலில் புண்ணோடு நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வரும். டெங்கு இன்னும் தாமதம். முட்டை கொசுவாக ஒரு வாரம், வைரஸ் அந்தக் கொசுவுக்குள் பெருக ஏறக்குறைய பத்து நாள், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர இன்னும் சில நாள். அதற்குள் படகுகள் திரும்பிவிடும், முகாம்கள் கலைந்துவிடும். பேரிடர்த் திட்டத்தில் சுகாதாரத்தைச் சேர்ப்பது என்றால் முதலில் இந்த இடைவெளிக்கு ஆள் போடுவதுதான். 2018 வெள்ளத்தில் கேரளம் எலிக்காய்ச்சலைத் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரைகளைப் பரவலாகக் கொடுத்தது. சாவுகள் இல்லாமல் போகவில்லை. ஆனாலும் எந்த நோய் வரும் என்று தெரிந்து செய்த வேலை அது.

வறட்சியும் பேரிடர்தான், அதற்கும் நோய் உண்டு. 2024 கோடையில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வறண்டு, வீட்டுக்கு வீடு டிரம்மும் குடமும் நிறைந்தன. ஏடிஸ் கொசு முட்டையிட விரும்புவது இப்படிப்பட்ட பாத்திரங்களில்தான். செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்து, கொசு வளரவிடும் நகர்ப்புற வீடுகளுக்கு 400 ரூபாய் அபராதம் வைத்தது. தண்ணீர் தினமும் வந்தால் யார் டிரம்மில் பிடித்து வைக்கப் போகிறார்கள்? குடிநீர் வாரியத்தின் கணக்கையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த அபராதத்தை நியாயமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதுமில்லை. 1898-இல் பிளேக் வந்தபோது தடுப்பு வேலைகளை ஒருங்கிணைக்கவே இங்கே டெலிபோன் கம்பிகள் இழுத்தார்கள். நெரிசலான பேட்டையை விட்டு மக்கள் குடியேற மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அகலத் தெருக்களோடு வளர்ந்தன. பேரிடர் அபாயத்தைக் குறைக்க உலக நாடுகள் ஏற்ற 2015-இன் செண்டாய் உடன்பாடும், அதையொட்டி மறு ஆண்டு பாங்காக்கில் வகுத்த கோட்பாடுகளும் இன்று வலியுறுத்துவது, நோயையும் இடராக எண்ணித் திட்டமிடு என்பதைத்தான்.

இன்றைக்குக் கருவிகளுக்குக் குறைவில்லை. 1988-இல் வறட்சியைக் கவனிக்கத் தொடங்கிய அமைப்பு, மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமாக வளர்ந்து எலஹங்காவில் இயங்குகிறது. அதன் தானியங்கி மழைமானிகள் 15 நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கு அனுப்புகின்றன. அந்தக் கணக்கு வார்டில் இருக்கும் 'நம்ம கிளினிக்' என்ற அரசு மருத்துவ மையத்துக்கும் அதே வேகத்தில் போக வேண்டும். மறுநாளே ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் குளோரின் மாத்திரையும் தெருவுக்கு வரலாம், இரண்டாம் வாரம் லார்வா தேடும் ஆளை அனுப்பலாம். நிறைமாதக் கர்ப்பிணிகள் யார் என்பது ஆஷா பணியாளரின் பதிவேட்டில் இருக்கிறது, டயாலிசிஸ் நோயாளிகளின் முகவரி மருத்துவமனைகளில் இருக்கிறது. படகில் ஏறும் தீயணைப்பு வீரரின் கையில் அந்த இரண்டு பட்டியலும் மழைக்காலம் தொடங்குமுன் இருக்க வேண்டும்.