கசட்டில் போகும் டங்ஸ்டன்

பழைய செல்பேசியை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டால் அதிலுள்ள உலோகம் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும் என்று நம்புகிறோம். உலைக்குள் நடப்பது வேறு. செம்பு உருக்கும் உலையில் வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். செம்பு உருகி அடியில் தங்கும். தங்கமும் வெள்ளியும் பலேடியமும் அதில் கரைந்து கூடவே வரும். பின்னர் செம்பைத் தூய்மையாக்கும் மின்பகுப்புத் தொட்டியின் அடியில் படியும் சேற்றிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்கலாம். அலுமினியம் அப்படியல்ல, ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, மேலே மிதக்கும் கழிவான கசட்டில் கலந்துவிடும். பல செல்பேசிகளை அதிரவைக்கும் குட்டி மோட்டாரின் அச்சில் ஒருபக்கமாகக் கனக்கும் துண்டு ஒன்று உண்டு. பெரும்பாலும் டங்ஸ்டனால் ஆன அதுவும் கசட்டுக்கே போகிறது. கசடு கட்டுமான வேலைக்குப் பயன்படலாம்; உலோகம் உலோகமாகத் திரும்புவதில்லை.

எதை மீட்க எதை இழக்கிறோம் என்பதை ஆலை கட்டுமுன்பே கணக்கிட்டுப் பார்க்க உதவுபவை செயல்முறை உருவகப்படுத்தும் மென்பொருள்கள். திரையில் நொறுக்கும் எந்திரம், காந்தம், உலை, தொட்டி எல்லாம் பெட்டிகள். அவற்றை இணைக்கும் கோடு ஒவ்வொன்றிலும் எந்தப் பொருள், எத்தனை கிலோ, என்ன வெப்பம் என்ற விவரம் இருக்கும். உள்ளே போன ஒவ்வொரு கிராமும் ஏதாவதொரு வழியில் வெளியே வந்தாக வேண்டும் என்பது இதில் மீற முடியாத விதி. உலைத் தூசு மறுபடி அதே உலைக்குத் திரும்பும் இடத்தில்தான் கணக்கு சிக்கலாகிறது. திரும்புவது எவ்வளவு என்று தெரியாமல் உலையைக் கணக்கிட முடியாது, உலையைக் கணக்கிடாமல் திரும்புவது தெரியாது. அதனால் மென்பொருள் ஓர் ஊகத்தில் தொடங்கி, விடையைக் கொண்டு ஊகத்தைத் திருத்தி, இரண்டும் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது.

நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் தன் இரண்டாவது செல்பேசிக்கு இப்படியொரு ஆய்வைச் செய்வித்து 2017இல் வெளியிட்டது. ஆய்வாளர்கள் மார்க்குஸ் ராய்ட்டர், ஆன்ட்வானெட் வான் ஸ்கைக் இருவரும் எச்எஸ்சி சிம் என்ற மென்பொருளில் மூன்று வழிகளை ஒப்பிட்டனர்: பேட்டரியை நீக்கிவிட்டு முழுசாக உருக்குவது, பாகம் பாகமாகக் கழற்றித் தனித்தனி உலைக்கு அனுப்புவது, நொறுக்கிப் பிரிப்பது. பலவகைப் பொருள்களையும் மீட்கக் கழற்றுவதே ஏற்றது என்று தெரிந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அளவுகோல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்கழிவு விதிகள் மீட்பு இலக்கை எடையின் விழுக்காட்டில் வைத்திருக்கின்றன. ஒரு செல்பேசியில் உள்ள தங்கம் சில பத்து மில்லிகிராம்; அத்தனையும் தொலைந்தாலும் எடைக் கணக்கில் தெரியாது. உலோகம் உலோகமாகப் பிரித்துப் பார்த்தால்தான் இழப்பு தெரியும். இந்த மென்பொருள்கள் அப்படிப் பார்க்கின்றன.

கொடுக்கும் தரவு தவறானால் விடையும் தவறும், செல்பேசிக்குள் என்னென்ன இருக்கிறது என்பதை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை என்பார்கள். இரண்டும் உண்மை. அதனால் கணக்கைக் கைவிட வேண்டியதில்லை. பாகங்களின் உள்ளடக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கையால் கழற்றக் கூலி கட்டுமா என்ற கேள்வி இன்னும் கடினமானது. எல்லாவற்றையும் கழற்றினால் கட்டாது. எந்த ஓரிரு பாகத்தைக் கழற்றினால் போதும், மிச்சத்தை அப்படியே உலையில் போடலாம் என்பதைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆனால் செல்பேசி குப்பைக்கு வந்தபின் இதைத் தெரிந்துகொண்டு பயன் குறைவு. அதிர்வு மோட்டாரைப் பசையால் ஒட்டுவதா, திருகால் பொருத்துவதா என்று வடிவமைப்பாளர் முடிவெடுக்கும் நாளிலேயே இந்த எண்கள் அவர் மேசையில் இருக்க வேண்டும்.